தெற்குச் சுவரின் கதவு

கதவு எங்கே போயிற்று? இந்தச் சுவரில்தானே இருந்தது. போன வருசம் என் கையாலேயே தாழ்ப்பாளை இழுத்தேன். இறுகிக் கிடந்தது, விரலைக்கூட நசித்தது. வெளியே போய் வேம்புக்குக் கீழே நின்றேன், திரும்பி உள்ளே வந்து அகலம் அளந்தேன். வேம்பு அங்கேயே நிற்கிறது. அதன் நிழல் யன்னலில் ஆடுகிறது. நான்தான் திசை பிசகி நிற்கிறேனா?

கஜேந்தினி கையிலிருந்த படத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தாள். திசை பிசகவில்லை. சிவலட்சுமி மண்டபத்தின் தெற்குச் சுவர் இதுதான். படத்தில் அவள் வரைந்த இரட்டைக் கதவு இருந்தது. சுவரில் இளமஞ்சள் பூச்சு மட்டும்தான் இருந்தது, அதுவும் மணம் போகாத புதுப் பூச்சு. சுவரை ஒட்டி மேடை போட்டு, ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப்பலகையில் வெட்டிய தூண்களும் அன்னங்களுமாக மணவறை பாதி எழும்பி நின்றது.

அவள் பிரதேச சபையின் தீயணைப்புப் பிரிவில் படவரைஞர். பிரிவு என்று சொன்னாலும் இருப்பது ஒரு வண்டி, ஒரு தண்ணீர் பவுசர், ஒரு தகரக் கொட்டகை, கொஞ்சப் பேர். தெருவோரம் குழாயைப் பூட்டித் தண்ணீர் எடுக்கிற வசதி இந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. அதனால்தான் பொறுப்பதிகாரி பிரசாந்தன் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். தீப்பிடித்த பிறகு போய்த் தடுமாறாமல், பிடிக்க முன்னமே போய்ப் பார்த்து வைப்பது. சனம் கூடுகிற ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு தாளில் ஒரு படம். கேற்றால் வண்டி நுழையுமா, எந்தக் கிணறு வற்றாது, மெயின் சுவிச் எந்த மூலை, குசினியில் காஸ் சிலிண்டர் எங்கே, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், எல்லாம் அதில் இருக்கும். படங்களை வண்டியில் சாரதிக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். மணி அடித்தால் போகிற வழியிலேயே எடுத்துப் பார்ப்பார்கள். வருசத்துக்கு ஒருமுறை கஜேந்தினி போய், மாறியதை மாற்றி வரைந்து வருவாள். அந்தப் படத்தைப் பார்த்துப் பிரசாந்தன் கையெழுத்து வைத்தால்தான் மண்டபங்களுக்குச் சபையின் அனுமதி புதுப்பிக்கப்படும்.

வேலைக்கு வந்த புதிதில் அவள் வாய்க்காலைத் தண்ணீர் என்று குறித்துக்கொண்டு போனாள். பிரசாந்தன் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளை, ஆவணியில வாய்க்காலுக்க என்ன ஓடும்?"

"தண்ணி, சேர்."

"ஆடு ஓடும். ஆட்டை அடிச்சு நெருப்பை அணைக்கேலுமோ?"

கொட்டகையே சிரித்தது. அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து, இரணைமடு வாய்க்கால் எந்தப் படத்தில் வந்தாலும் பக்கத்தில் 'நெற்போகத்துக்கு மட்டும் தண்ணீர்' என்று எழுதுவாள். இந்த வேலையை அவளுக்கு அப்படித்தான் பிடித்துப்போனது. இருப்பதை இருக்கிறபடி வரைந்தால் போதும். அதற்கு மேலே கெட்டித்தனம் ஒன்றும் தேவையில்லை.

வெளியே கேற்றடியில் சஜீவனின் குரல் கேட்டது. தீயணைப்பு வண்டியில் போகிறவர்களில் ஒருவன். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க இன்று அவளோடு வந்திருந்தான். கலியாணத்துக்கென்று புதிதாகக் கட்டிய வளைவைப் பற்றி மண்டபத்துக்காரர் யோகநாதனோடு வாதாடிக்கொண்டிருந்தான்.

"ஐயா, வளைவு நல்ல வடிவு. ஆனா எங்கட வண்டி குனிஞ்சு கும்பிட்டுக்கொண்டு வராது."

"மாப்பிள்ளை வாற வாசலடா தம்பி. உங்கட வண்டி ஏன் இங்க வருது? வாயைக் கழுவு."

"மாப்பிள்ளை நெட்டையோ, கட்டையோ?"

"நெட்டைதான்."

"அப்ப அவருக்காகவாவது கொஞ்சம் உயர்த்துங்கோ. மண்டை அடிபட்டா நாங்கள்தான் வரோணும்."

யோகநாதன் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள் என்று கஜேந்தினி நினைத்தாள். மகள் சாரங்காவுக்கு இது மூன்றாவது சம்பந்தம். முதலாவது, நாள் குறித்த பிறகு குழம்பியது. இரண்டாவது, அழைப்பிதழ் அடித்த பிறகு. சாரங்காவும் அவளும் ஒரே வகுப்பு. இந்த முறையாவது அவள் நல்லபடி இருக்கவேண்டும் என்று கஜேந்தினி நேர்த்தி வைத்திருந்தாள்.

சஜீவனின் குரல் கேட்கும்போதெல்லாம் அவளுக்குள் ஒரு சின்ன நிம்மதி வரும். போன வைகாசியில் ஒரு அரிசி ஆலை எரிந்தபோது அவன் உள்ளே போனான். மயங்கிக் கிடந்த காவலாளியை இழுத்துக்கொண்டு திரும்பினால், வந்த வழி புகையில் தெரியவில்லை. உமிக்கிடங்குக்குப் பக்கத்தில் சின்னக் கதவு ஒன்று இருப்பதைப் போகிற வழியில் படத்தில் பார்த்தது நினைவு வந்ததாம். சுவரைத் தடவித் தடவி ஊர்ந்திருக்கிறான். கதவு அங்கே இருந்தது. அடுத்த ஞாயிறு அவனுடைய தாய் ஓமந்தையிலிருந்து பஸ் ஏறி வந்து, கஜேந்தினியைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, ஒரு பை நிறைய முருங்கைக்காய் தந்துவிட்டுப் போனார். கஜேந்தினிக்குக் கூச்சமாக இருந்தது. கதவு இருந்த இடத்தில் கதவை வரைந்ததற்கு இவ்வளவா? ஆனாலும் அந்த முருங்கைக்காயைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டபோது, தன் வாழ்வில் தானும் ஒருவருக்கு ஏதோ கொடுத்துவிட்டோம் என்ற நினைப்பு முதல்முறையாக வந்தது. அதுவரைக்கும் வாங்கியே பழகியவள் அவள்.

"வந்து கனநேரமோ? ஒரு குரல் குடுத்திருக்கலாமே, கஜே."

குசினிப் பக்கத்துக் கதவால் கமலாசனி வந்தார். யோகநாதனின் மனைவி. கையில் ஒரு தட்டம், அதில் பயற்றம் உருண்டையும் சீனி அரியதரமும். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "முதல்ல இரு. பிறகு அளக்கலாம்," என்றார்.

அவள் இருந்தாள். அந்தக் குடும்பத்தின் முன்னால் கதிரை என்பது அவளுக்குச் சும்மா வந்ததல்ல. அவளுடைய அம்மா ராக்காயி இவர்களுடைய வயலில் நாற்று நட்டவள். இனக்கலவரத்துக்குத் தப்பி மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து உருத்திரபுரத்தில் குடிசை போட்ட குடும்பம். ராக்காயி இன்றைக்கும் அவர்கள் வீட்டுக் கேற்றைத் தாண்டினால் நின்றுகொண்டேதான் பேசுவாள். "அம்மா" என்றுதான் கமலாசனியைக் கூப்பிடுவாள். சின்ன வயதில் கஜேந்தினியும் அப்படிக் கூப்பிட்டாள். ஒருநாள் கமலாசனி அவளுடைய பின்னலைப் பிடித்து இழுத்து, "நான் என்ன உனக்கு முதலாளியோ? சாரங்காவின்ர சிநேகிதியள் எல்லாம் என்னை என்னெண்டு கூப்பிடுதுகள்? அன்ரி எண்டு சொல்லு. கதிரையில இரு," என்றார். அப்படி வந்தது அந்தக் கதிரை. பிறகு சாரங்காவுக்குக் கணக்குச் சொல்லித்தர வந்த ஆசிரியர் இரண்டு பேருக்குச் சொல்லித்தந்தார்.

"சாப்பிடு. சாமிக்கு வைச்சிட்டு முதல் உனக்குத்தான் கொண்டுவாறன்."

அரியதரம் வாயில் கரைந்தது. கஜேந்தினி மென்றபடி சுவரைப் பார்த்தாள். கமலாசனியும் சுவரைப் பார்த்தார். பிறகு முன்றானையை இழுத்துச் செருகிக்கொண்டார். கேட்க முன்னமே சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தவர் போல இருந்தது.

"கதவைத்தானே பாக்கிறாய்? கட்டிப்போட்டம்."

"ஏன் அன்ரி?"

"சாதகம் பாத்த சாத்திரியார் சொன்னார். தெற்கு வாசல் எமவாசலாம். மணவறைக்குப் பின்னால அது திறந்து கிடந்தா இந்தப் பிள்ளைக்குக் கலியாணம் கூடாதாம். இரண்டு தரம் குழம்பினதுக்கு அதுதான் காரணமாம். கதவைக் கழட்டிப்போட்டு, கல்லு வைச்சுக் கட்டி, பூசியாச்சு." குரலைத் தாழ்த்தினார். "நம்பிறியோ எண்டு என்னைக் கேக்காத. நம்பாமல் விட்டுப்போட்டு, மூண்டாவதும் குழம்பினா என்னை நானே மன்னிப்பனோ?"

கஜேந்தினி தன்னையே கேட்டுப் பார்த்தாள். தான் தாயாக இருந்தால் கட்டியிருக்கமாட்டாளா? கட்டியிருப்பாள். தன் கையாலேயே கல் எடுத்துக் கொடுத்திருப்பாள்.

"கலியாணம் வாற ஞாயிறு. அதுக்கு முன்னம் திறக்கேலாதோ அன்ரி? அரை நாள் வேலை. சஜீவனும் நானும் நிண்டு உடைச்சுத் தாறம்."

"நேற்றுத் தாலிக்குப் பொன்னுருக்கியாச்சு பிள்ளை. கன்னிக்கால் நட்டாச்சு. இனித் தாலி ஏறுமட்டும் சுவரில ஒரு ஆணியும் அடிக்கக்கூடாது. நீ உடைக்கிற கதை கதைக்கிறாய்."

வெளியே சஜீவன் அளவு நாடாவைச் சரக்கென்று சுருட்டுகிற சத்தம் கேட்டது. கஜேந்தினி மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். முன்வாசல் ஒன்று. குசினிப் பக்கத்துக் கதவு ஒன்று, அதற்கு அந்தப் பக்கம் அடுப்பும் காஸும். தெற்குக் கதவு இல்லையென்றால், மணவறையைச் சுற்றி நிற்கிறவர்கள் வெளியே போவதற்கு மண்டபத்தின் முழு நீளத்தையும் கடக்கவேண்டும். ஒரு கலியாணச் சனத்துக்கு இந்தப் படத்தில் பிரசாந்தன் கையெழுத்து வைக்கமாட்டார். பழைய அனுமதி ஆடியோடு முடிந்துவிட்டது. கையெழுத்து இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை மண்டபம் திறக்காது.

இதையெல்லாம் கமலாசனியும் கணக்குப் பார்த்திருந்தார்.

"வீட்டு முத்தத்தில பந்தல் போட்டா என்ன அன்ரி? இடம் தாராளம்தானே."

"மண்டபம் வைச்சிருக்கிறவை முத்தத்தில பந்தல் போடினமாம் எண்டு ஊர் கேக்காதோ? மாப்பிள்ளை பகுதி ஏற்கெனவே ஒண்டுக்கு ரெண்டு தரம் யோசிச்சு வந்தவை. இடம் மாறுதெண்டா, மூண்டாவது தரமும் ஏதோ பிழையாம் எண்டு பயந்திடுவினம். சாரா தாங்கமாட்டாள். சிரிச்சுக்கொண்டுதான் திரியிறாள். ஆனா குளிக்கப் போனா அரை மணித்தியாலம் பைப்பைத் திறந்து விட்டிட்டு நிக்கிறாள். எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறாள்."

கமலாசனி பக்கத்துக் கதிரையில் அமர்ந்தார்.

"உன்னட்ட நான் பொய் எழுதச் சொல்லேல்லை, கஜே. போன வருசத்துப் படம் இருக்குத்தானே. அதில கதவு இருக்கு. மாற்றம் ஒண்டும் இல்லையெண்டு பழைய படத்தையே குடு. ஞாயிறு கழிய, திங்கக்கிழமை விடிய நானே கொத்தனைக் கூப்பிட்டு உடைப்பிக்கிறன். உன்ர படமும் உண்மையாயிடும்."

அவர் இதைக் கெஞ்சிக் கேட்கவில்லை. சாரங்காவுக்கு ஒரு புத்தகம் இரவல் கேட்பதுபோலக் கேட்டார். அவர் ஒரு பழைய உதவியையும் எடுத்துச் சொல்வார் என்று கஜேந்தினி காத்திருந்தாள். சொன்னால் நல்லது என்றுகூட இருந்தது.

பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சைக்கு முந்தின வருசம், பிறப்புச் சான்றிதழ் இல்லையென்று பள்ளிக்கூடத்தில் திருப்பி அனுப்பினார்கள். அப்பா வீரையா கடைசி யுத்தத்துக்கு முன்னமே பாம்பு கடித்து இறந்துபோனார். ராக்காயிக்கு மகள் பிறந்த நாள் தெரியாது. "மழ, அப்பிடியொரு மழ. வாய்க்கா ஒடைச்சுக்கிட்டு வந்துச்சு," என்றுதான் சொல்லத் தெரியும். பிந்திப் பதிவதற்கு, பிறப்பைக் கண்ட ஒருவர் வந்து சத்தியம் பண்ணவேண்டும். கமலாசனி வந்தார். பட்டுச் சேலை உடுத்து, குடை பிடித்து, வெயிலில் வரிசையில் நின்றார். "பிள்ளையை முதல் கையில வாங்கினதே நான்தான்," என்று அதிகாரிக்கு முன்னால் கண் வெட்டாமல் சொன்னார். பிறந்த நாளையும் அவரே சொன்னார். பஞ்சாங்கத்தில் பார்த்து நல்ல நட்சத்திரமாகத் தெரிந்து வைத்திருந்தார். உண்மையில் அந்த மாரிகாலம் முழுக்க அவர் யாழ்ப்பாணத்தில் தன் தாய் வீட்டில் இருந்தவர். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். "காணாத பிள்ளைக்கு மருத்துவிச்சி ஆயிட்டன், ராக்காயி!"

அம்மா அடிக்கடி சொல்லுவாள்: "அந்த அம்மா இல்லேன்னா ஒனக்குப் பொறந்த நாளே கெடையாது." அது வெறும் வார்த்தை இல்லை. ஒவ்வொரு வருசமும் அந்த நாள் வரும்போது, கஜேந்தினி குளித்து, கோயிலுக்குப் போய், கமலாசனியின் பெயருக்குத்தான் முதல் அர்ச்சனை செய்வாள்.

கமலாசனி அதைச் சொல்லவில்லை. உனக்காக நான் ஒருநாள் சத்தியம் பண்ணினேனே என்று ஒரு சொல் வாயில் வரவில்லை. நினைவில் வந்து அடக்கிக்கொண்டது மாதிரியும் தெரியவில்லை. இத்தனை வருசமாக, மற்றவர்கள் முன்னாலோ தனியிலோ, அவர் அதை ஒருபோதும் எடுத்ததில்லை. கொடுத்ததை மறந்துவிடுகிற கை அது. அவர் மட்டும் சொல்லியிருந்தால் கஜேந்தினிக்குக் கொஞ்சம் கோபம் வந்திருக்கும். கோபத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் போயிருக்கலாம். இப்போது பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. நெஞ்சு முழுக்க நன்றிதான் இருந்தது. எப்போதையும்விட அதிகமாக இருந்தது.

நன்றி ஒரு பாரம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறாள். அவளுக்கு அது பாரமாக இருந்ததில்லை. கிணற்றடி ஈரத்தில் வாழை வளர்வதைப்போல அவள் அதில் வளர்ந்தவள். ஈரம் வேண்டாமென்று வாழை எப்போதாவது சொன்னதுண்டா? இந்த மனுசிக்கு ஒரு தரம், ஒரே ஒரு தரம், கேட்டதைக் கொடுக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். அதுவும் ஒன்றும் செய்யாமல் கொடுக்கலாம். பேனையைத் திறக்காமல் இருந்தால் போதும்.

அவள் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்த்தாள். வேண்டுமென்று நினைக்கவில்லை, அதுவாக வந்தது. இந்த ரெஜிபோம் அன்னங்களுக்கு நடுவில் சாரங்கா கூறைச் சேலையோடு இருக்கிறாள். பக்கத்தில் ஓமகுண்டம். முன் வரிசையில் கமலாசனி. அவர் நேரில் போய்க் குங்குமம் வைத்து அழைத்ததால் ராக்காயியும் வருவாள், இந்த முறை கதிரையில் இருந்துதான் தீரவேண்டும் என்று அவளைக் கையைப் பிடித்து இருத்துவார்கள். தன் உலகத்தில் இருக்கிற எல்லாரும் இந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான் இருக்கப்போகிறார்கள். ஒன்றும் நடக்காது. பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. ஆனால் நடந்தால், சஜீவன் வருகிற வழியில் படத்தை எடுத்துப் பார்ப்பான். கஜே அக்கா வரைந்தது என்று நம்புவான். வேம்படியால் ஓடி வந்து பூசின சுவரைத் தட்டுவான். உள்ளே இருந்து இன்னொருவர் இந்தப் பக்கத்தால் தட்டுவார்.

அன்றைக்குக் கமலாசனி சொன்ன பொய்யில் ஒருவருக்கும் மூச்சு முட்டவில்லை. அதில் ஒரு பிள்ளைக்கு வழி திறந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்தது. அப்படித் தெரிந்ததும் உடம்பு லேசானது. அவர் கேட்டதை மறுப்பதற்காக, அவர் தந்ததைச் சின்னதாக்கத் தேவையில்லை. அது அவ்வளவு பெரிதாகவே இருக்கட்டும். அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டு சொல்லலாம்.

"என்ன யோசிக்கிறாய்?" கமலாசனி தட்டத்தை அவள் பக்கம் தள்ளினார். "அந்தப் பிரசாந்தன் சேருக்குத் தெரிய வந்தா நான் பதில் சொல்லுறன். உன்ர வேலைக்கு ஒண்டும் வராது."

"வேலைக்குப் பயந்து யோசிக்கேல்லை, அன்ரி."

"பின்ன?"

யோகநாதன் வாசலில் தலையை நீட்டினார். "என்ன, படம் முடிஞ்சுதோ? வளைவை உயர்த்த ஓமெண்டிட்டன். இந்தப் பெடியன் என்னை விடமாட்டானாம்." இரண்டு பேருடைய முகத்தையும் பார்த்தார். விசயம் விளங்கியதுபோல, "சரி சரி, நீங்கள் கதையுங்கோ. சோடா உடைக்கப் போறன்," என்று நழுவிவிட்டார்.

கமலாசனி அவர் போகும்வரை பொறுத்திருந்தார். இந்த முறை குரல் உடைந்திருந்தது.

"ஒரு கிழமைதானே பிள்ளை. பழசு அப்படியே கிடக்கட்டும். என்ன?"

கஜேந்தினி எழும்பி, தன் கதிரையை அவருக்கு இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு திரும்ப இருந்தாள். அந்த முகத்தை நேராகப் பார்த்தாள். பார்க்க முடிந்தது.

"சாராவின்ர கலியாணத்துக்குப் பந்தல் போட்டா நான் தடி நடுவன், அன்ரி. கோயில் மண்டபம் கேக்கச் சொன்னா இப்பவே போய்க் கேப்பன். மாப்பிள்ளை வீட்டுக்கு உங்களோட வந்து நிண்டு, காரணம் நான்தான், சபைக்காரிதான் எண்டு சொல்லுவன். இலை எடுக்கச் சொன்னா எடுப்பன்," என்றாள். வெளியே நின்ற சஜீவனுக்குக் கேட்காத அளவுக்குக் குரலை மெதுவாக்கிக்கொண்டாள். "இது மட்டும் மாட்டன்."